படகை இழுக்க எந்த பிக்கப்? எச்.பி. கணக்குக்கு முன்னால் எடைக் கணக்கு

மேட்டூர் 120 அடியைத் தொட்டது, பவானிசாகர் 100 அடியைத் தாண்டியது என்று செய்தி வரும் மாதங்களில் கோவை, ஈரோடு, சேலம் பக்கம் சிலருக்குப் படகு ஆசை வந்துவிடுகிறது. தோட்டத்துப் பெரிய குட்டைக்கு ஒன்று, ரிசார்ட்டுக்கு ஒன்று, விடுமுறையில் வாளையார் தாண்டிப் போய் கொச்சிக் காயலில் ஓட்ட ஒன்று. பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படகை விட்டு வண்டிக்குத் தாவிவிடும்.

"ஏனுங்க, அந்த வண்டி எத்தனை எச்.பி.ங்க?"

"நூத்தி அறுபதுங்க. ஒரு டன்னு, ஒன்றரை டன்னெல்லாம் அசால்ட்டா இழுத்துரும்ங்க."

இழுத்துவிடும், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. சமதளத்தில் ஒரு டன்னை உருட்டிக்கொண்டு போக ஒரு சாதாரண காரின் இன்ஜினே போதும். படகு இழுக்கும் வண்டிக்கு வரும் தொல்லைகளில், இழுக்க முடியாமல் நிற்பது அநேகமாகக் கடைசியில்தான் வரும். பின் அச்சில் பாரம் மீறுவது, பக்கக் காற்றில் டிரெய்லர் வாலாட்டுவது, மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கைவிடுவது, தண்ணீர் ஓரச் சரிவில் சக்கரம் வழுக்குவது எல்லாம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். இவற்றில் ஒன்றைப் பற்றியும் எச்.பி. எண் உங்களுக்கு எதுவும் சொல்லாது.

பார வண்டியில் இருந்து தொடங்கலாம்

மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். காங்கேயம் காளை ஜோடி எவ்வளவு இழுக்கும் என்று அவர்கள் விவாதம் செய்து நேரத்தைக் கழித்ததில்லை. பாரம் ஏற்றும்போது அவர்கள் கண் போகும் இடம் வேறு: வண்டி முன்பாரமா, பின்பாரமா?

மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி காளைகளின் கழுத்தில் அமுங்கும். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகம் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும், மேடு ஏறும்போது வண்டி பின்னால் சாயப் பார்க்கும். சரியாக ஏற்றிய வண்டியில் நுகம் கழுத்தின் மேல் லேசாக உட்கார்ந்திருக்கும். இறக்கம் வந்தால் கதை மாறும். அதுவரை வண்டியை இழுத்த காளைகளை இப்போது வண்டி தள்ளும். சக்கரத்தில் உரசும் கட்டையைப் போட்டு அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

பிக்கப்பும் டிரெய்லரும் இதே அமைப்புதான். காளையின் இடத்தில் பிக்கப், நுகத்தின் இடத்தில் வண்டிக்குப் பின்னால் உள்ள இணைப்புக் குண்டு, மூட்டையின் இடத்தில் படகு. இரண்டு வித்தியாசங்கள் உண்டு. மாட்டு வண்டி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும், இது எண்பதில் போகும். அப்புறம், காளை தன் முதுகில் எதையும் சுமப்பதில்லை. பிக்கப் ஆட்களையும் சாமான்களையும் சுமந்துகொண்டே இழுக்கிறது. குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

வண்டிக்கு ஒரே ஒரு எடை கிடையாது

ஷோரூமில் "இது எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்று கேட்டால் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது எந்த எடை என்று திருப்பிக் கேட்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

வெற்று எடை: ஆளும் சரக்கும் இல்லாத வண்டியின் எடை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும்.

மொத்த எடை: ஆட்கள், சரக்கு, எரிபொருள் எல்லாம் சேர்த்து அந்த வண்டியின் சக்கரங்கள் தரையில் அழுத்தலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு. ஆர்.சி.யிலோ வண்டியில் ஒட்டிய தகட்டிலோ கையேட்டிலோ கிடைக்கும்.

சுமைத் திறன்: மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவது. தொட்டியில் ஏற்றும் சரக்குக்கான எண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே உட்காரும் ஆட்களும் இதில் அடக்கம். டிரெய்லர் இணைப்புக் குண்டை அழுத்தும் பாரமும் இதில்தான் சேரும். அந்த அழுத்தத்தைத்தான் நான் இனி முன்பாரம் என்று சொல்லப் போகிறேன்.

இழுவைத் திறன்: பின்னால் மாட்டும் டிரெய்லரும் அதன் மேலுள்ள படகும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்ற வரம்பு.

கூட்டு எடை: வண்டி, ஆட்கள், டிரெய்லர், படகு எல்லாம் சேர்த்து மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு.

இவற்றில் எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான எல்லை. மற்ற எண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

யூடியூபில் அமெரிக்க பிக்கப் வீடியோ பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஃபோர்டு எஃப்-150 ஆறு டன்னுக்கு மேல் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட பின் அச்சு, குறிப்பிட்ட கேபின் அமைப்புக்கான எண். அதே பெயரில் விற்கும் இன்னொரு வகைக்கு அதில் பாதிகூட இருக்காது. அமெரிக்காவில் முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த மாதிரி இந்த எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்த ஜே 2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. 2011 மாடல் வண்டிகளுக்கு டொயோட்டா அதை முதலில் ஏற்றுக்கொண்டது, மற்றவர்கள் மெல்ல வந்து சேர்ந்தார்கள். அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைச் சரிவில், 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, கோடை வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டபடி குறைந்தது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி.

அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடப்படுபவர்கள் இரண்டே பேர், தலைக்குச் சுமார் 68 கிலோ. அதாவது விளம்பர எண் இருவர் போகும் வண்டிக்கானது. நம் வீட்டில் படகு விடப் போவதென்றால் அத்தை, மாமா, பிள்ளைகள், புளிசாதத் தூக்கு இல்லாமல் வண்டி கிளம்பாது.

ஒரு படகுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பதினேழு அடி ஃபைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெறும் உடல் 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மாட்டும் அறுபது எச்.பி. அவுட்போர்டு மோட்டார் சுமார் 115 கிலோ. அறுபது லிட்டர் பெட்ரோல் 45 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், மீன் பெட்டி என்று ஒரு 70 கிலோ. டிரெய்லர் 270 கிலோ. கூட்டினால் 1,050 கிலோ. படகு விற்பவர் "ஐநூத்தம்பது கிலோதாங்க" என்று சொன்னது உடலுக்கு மட்டும். சாலையில் உருள்வது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இழுவைத் திறன் வரம்பில் இது பெரிய எண்ணே இல்லை. டொயோட்டா ஹைலக்ஸ் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பிரேக் உள்ள டிரெய்லரோடு 3,500 கிலோ வரை இழுக்க அனுமதிக்கப்பட்ட வண்டி. எனவே கவலை இல்லை என்று தோன்றும். இப்போது சுமைத் திறனைப் பார்ப்போம்.

உங்கள் இரட்டை கேபின் பிக்கப்பின் சுமைத் திறன் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், தலைக்கு 70 கிலோ வீதம் 350. சாமான் 60. ஆக 410. படகு டிரெய்லரின் முன்பாரம் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் 105. கூட்டினால் 515. இழுவைத் திறனில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாத வண்டி சுமைத் திறனில் எல்லை தாண்டிவிட்டது.

அந்த 105 கிலோவும் நேர்மையாக 105 ஆக நிற்பதில்லை. இணைப்புக் குண்டு பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது நெம்புகோலாக வேலை செய்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே மூன்று மீட்டர், பின் அச்சில் இருந்து குண்டு வரை 1.2 மீட்டர் என்றால் பின் அச்சில் 147 கிலோ ஏறுகிறது, முன் அச்சில் இருந்து 42 கிலோ குறைகிறது. பின்புறம் தணிந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடித்து, ஸ்டியரிங் லேசாகிப்போன வண்டியைப் பார்த்தால் காரணம் இதுதான்.

உடனே ஒரு யோசனை வரும்: பின்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டால்? நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் இருக்கும் நாட்டில் ஸ்பிரிங் பட்டை போடத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமா? போடலாம், வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறாது. தணிந்து நின்று நம்மை எச்சரித்துக்கொண்டிருந்த வண்டியின் வாயை அடைத்ததுதான் மிச்சம்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: படகின் எடையைத் தனியாகப் பார்க்கக் கூடாது, டிரெய்லரோடு பார்க்க வேண்டும். வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதோடு எவ்வளவு சுமக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். முன்பாரம் சுமையில் சேரும்.

முன்பாரம் குறைந்தால் நல்லதுதானே?

இங்கேதான் பார வண்டிக்காரர்களின் புத்தி வேண்டும். முன்பாரத்தைக் குறைத்தால் பின் அச்சு தப்பிக்கும், ஆனால் டிரெய்லர் ஆடத் தொடங்கும்.

டிரெய்லர் ஒரு புள்ளியில் மட்டும் வண்டியோடு இணைந்திருக்கிறது. ஒரு லாரி கடந்து போகும்போது வரும் காற்றோ, சாலைக் குழியோ அதைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளினால், தானாக நேர்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எடை டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னால் சற்று அதிகமாக இருந்தால் திரும்பிவிடும். பின்னால் அதிகமாக இருந்தால் திரும்பும்போது மறுபக்கம் கூடுதலாகப் போகும், அடுத்த வீச்சு இன்னும் பெரிதாகும். வேகம் கூடக் கூட இது மோசமாகும். கடைசியில் வால் நாயை ஆட்டிவிடும்.

அமெரிக்கப் பழக்கத்தில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். படகு டிரெய்லருக்குப் பத்தை ஒட்டியும் சற்றுக் கீழேயும் வைப்பதுண்டு. ஐரோப்பாவில் வேகம் குறைவு என்பதால் எண்ணும் குறைவு. உங்கள் வண்டியின் கையேட்டில் ஓர் எண் இருந்தால் அதுவே முடிவு.

படகுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மோட்டார் பின்னால், பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின்னால், பேட்டரியும் பின்னால். படகு பிறவியிலேயே பின்பாரம். அதனால்தான் நல்ல படகு டிரெய்லரில் சக்கரங்கள் நடுவில் இல்லாமல் நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும். உள்ளூர் பட்டறையில் டிரெய்லர் செய்யச் சொல்பவர்கள் டிராக்டர் பெட்டியின் அளவை மனதில் வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். சக்கரம் நடுவே வந்துவிடுகிறது. வெல்டிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த டிரெய்லர் ஆடும்.

நம் பகுதியில் இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அணைகள் நிறைவதும் அதே பருவத்தில், அதாவது படகை எடுக்கத் தோன்றும் மாதங்களில். பொள்ளாச்சி, தாராபுரம் வெட்டவெளிச் சாலைகளில் ஆடி மாதம் டிரெய்லரோடு போகும்போது எண்பதுக்குப் பதில் ஐம்பதில் போவதே சரி. ஆடத் தொடங்கிவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காமல், நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல விட வேண்டும். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நேராக்கலாம் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள்.

முன்பாரத்தை அளப்பது சுலபம். நம் ஊரில் எடைமேடை இல்லாத சந்திப்பு எது? முதலில் டிரெய்லரைக் கழற்றி, படகோடு தனியாக மேடையில் நிறுத்தி எடை போடுங்கள். பிறகு வண்டியில் மாட்டி, வண்டி மேடைக்கு வெளியேயும் டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடை மேலும் நிற்கும்படி வைத்து எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பாரம். கூடவோ குறையவோ இருந்தால் டிரெய்லரில் படகின் மூக்கைப் பிடித்து நிறுத்தும் கம்பத்தை முன்னோ பின்னோ நகர்த்தி, படகை அதற்கேற்ப உட்கார வைக்க வேண்டும்.

எச்.பி. எதற்கு, டார்க் எதற்கு

75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேகம்தான் ஒரு குதிரைத் திறன். எனவே ஏற்றத்தைக் கணக்கிடுவது எளிது. ஆட்களோடு வண்டியும் படகும் சேர்ந்து 3,000 கிலோ. பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 0.83 மீட்டர் உயரம் ஏறுகிறோம். 3,000 கிலோவை 0.83 மீட்டர் தூக்க 33 எச்.பி. வேண்டும். சக்கரம் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் இன்னும் ஒரு பத்து. எண்பது எச்.பி. வண்டி தாராளமாக ஏறிவிடும். அதே ஏற்றத்தில் அறுபதில் போக வேண்டுமென்றால் தேவை இரண்டு மடங்குக்கு மேல் போகும், எண்பது எச்.பி. வண்டி திணறும். ஆக, எச்.பி. சொல்வது ஏறுமா என்பதை விட, எந்த வேகத்தில் ஏறும் என்பதைத்தான்.

டார்க் என்பது இன்ஜின் தண்டைத் திருகும் பலம், நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். நின்ற இடத்தில் இருந்து பாரத்தை நகர்த்தும்போது இதுதான் பேசும். டீசல் வண்டிகள் குறைந்த சுற்றிலேயே முழு டார்க்கைத் தந்துவிடுவதால் இழுவைக்குப் பெயர் வாங்கின. ஆனால் கியர் இந்தத் திருகலைப் பல மடங்காக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்த சின்ன பிக்கப்பில் முதல் கியர் மிகத் தாழ்வாக இருக்கும். அதனால்தான் டார்க் பாதி உள்ள அந்த வண்டியும் பாரத்தோடு மேட்டில் நின்று கிளம்புகிறது.

மேனுவல் வண்டியில் ஒரு எச்சரிக்கை: மேட்டில் டிரெய்லரோடு கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு, மூன்று முறையில் கருகல் வாடை வந்துவிடும்.

இறக்கம்

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கினால் சுமார் 1,200 மீட்டர் உயரம் குறைகிறது. 3,000 கிலோ அந்த உயரத்தில் இருந்து கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல், நூறு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு எங்காவது போக வேண்டும். இன்ஜினில் பிடித்து இறக்கினால் கணிசமான பகுதி இன்ஜினில் போகும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எல்லாம் பிரேக்கில் போகும். அளவு மீறிச் சூடான பிரேக்கில் உராய்வு குறையும், பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரையோடு போய்விடும். எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தொப்பூர் கணவாய் லாரி ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய விதி டிரெய்லருக்கு இன்னும் கறாராகப் பொருந்தும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பல நாடுகளில் வரம்பு 750 கிலோ. நம் 1,050 கிலோ அதைத் தாண்டுகிறது. எனவே வேண்டும் என்பது என் பதில், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். படகு டிரெய்லரில் பரவலாக இருப்பது தள்ளு பிரேக். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிறது அல்லவா, அந்தத் தள்ளுதலே இணைப்பில் உள்ள ஒரு பிஸ்டனை அமுக்கி, டிரெய்லர் சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மின்சாரம் தேவையில்லை என்பதால் தண்ணீருக்குள் இறங்கும் டிரெய்லருக்கு ஏற்றது. இறக்கத்தில் மாட்டு வண்டிக்குப் போடும் கட்டையின் வேலையை இது தானாகவே செய்கிறது.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில் இன்னொன்றும் உண்டு. திரும்பும்போது டிரெய்லர் வண்டியின் தடத்தைப் பின்பற்றாமல் உள்பக்கமாக வெட்டும். அகலமாக எடுக்க இடமில்லாத வளைவுக்குப் படகைக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல்.

பிரேக் பற்றிய சுருக்கம்: டிரெய்லருக்குத் தன் பிரேக், இறக்கத்தில் தாழ்ந்த கியர். வண்டியின் பிரேக் கடைசித் துணை.

தண்ணீர் ஓரத்தில்தான் 4x4 பேசும்

சாலையில் ஓடும் வரை நான்கு சக்கர இயக்கம் பெரும்பாலும் அலங்காரம். படகை நீரில் இருந்து வெளியே எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் அதன் விலை தெரியும்.

சரிவு, நூறு அடிக்குப் பதினைந்து அடி உயரும் வகை என்று வைத்துக்கொள்வோம். 1,800 கிலோ பிக்கப், 1,050 கிலோ டிரெய்லர். இதை மேலே இழுக்க ஏறத்தாழ 420 கிலோ அளவு விசை வேண்டும். காலி பிக்கப்பின் பின் அச்சில் இருப்பது 720 கிலோ, முன்பாரம் சேர்த்து 867. காய்ந்த சிமென்ட் தளத்தில் டயர் தன் மேலுள்ள எடையில் எழுபது சதவீதம் வரை பிடிக்கும், ஆக 600 கிலோ. பிரச்சினை இல்லை. பாசி படிந்த ஈரத் தளத்தில் முப்பது சதவீதம் பிடித்தாலே அதிகம், 260 கிலோ. சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றும். இன்ஜின் 80 எச்.பி.யா 200 எச்.பி.யா என்பது இங்கே பொருட்டே இல்லை. நான்கு சக்கரமும் இயங்கினால் வண்டியின் முழு எடையும் பிடிப்புக்கு உதவும், சுமார் 570 கிலோ கிடைக்கும், ஏறிவிடும்.

அணை ஓரங்களில் ஒழுங்கான சரிவுத் தளம் கிடைப்பதே அரிது. வண்டல் சேறுதான் பெரும்பாலும். அங்கே 4x4 இருந்தாலும் ஒரு டிராக்டரைப் பேசி வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை. பரிசல்காரர் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் தன் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து போய்விடுவார்.

அப்படியானால் எந்த வண்டி?

ஐந்து பேர் குடும்பத்தோடு போக வேண்டும், சொந்த உபயோகம், ஈரச் சரிவில் அடிக்கடி இறக்கி ஏற்ற வேண்டும் என்றால் இரட்டை கேபின் 4x4தான். நம் சந்தையில் அதற்கு இசுசு வி-கிராஸ் (163 பி.எஸ்., அதாவது மேலே சொன்ன 75 கிலோ கணக்கின் குதிரைத் திறன்; 360 நியூட்டன் மீட்டர்), டொயோட்டா ஹைலக்ஸ் (204 பி.எஸ்., ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர்) என்று தேர்வு சுருங்கிவிடும். இரண்டுமே நம் 1,050 கிலோவுக்குத் தேவைக்கு மேல் பலம் உள்ளவை. எனவே எது அதிக பலம் என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எந்த வகையில் சுமைத் திறன் அதிகம், இந்தியாவில் டிரெய்லர் இணைக்க நிறுவனம் எழுத்தில் என்ன சொல்கிறது, உத்தரவாதம் தொடருமா என்று கேளுங்கள். வெளிநாட்டு மாடலின் எண்ணை இங்கே விற்கும் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பெயர் ஒன்றானாலும் ஸ்பிரிங்கும் கியரும் மாறலாம்.

ரிசார்ட், மீன் குத்தகை என்று தொழிலுக்கு என்றால் என் ஓட்டு பொலிரோ பிக்கப், டாடா யோதா போன்ற சரக்கு வண்டிகளுக்கு. எண்பது, நூறு எச்.பி.தான், ஆனால் மாடலைப் பொறுத்து ஒன்றே கால் டன்னுக்கு மேல் சுமக்கும். முன்பாரத்தின் 105 கிலோ அதற்குத் தூசு. மெதுவாகப் போகும், போகட்டும். பன்னிரண்டு அடிக்குள் உள்ள சின்னப் படகு என்றால் டிரெய்லரே வேண்டாம், தொட்டியில் ஏற்றிக் கட்டிவிடலாம். வாலாட்டம், தள்ளு பிரேக், முன்பாரம் எல்லாத் தலைவலியும் ஒரேயடியாகப் போய்விடும். ஆசைக்குப் படகு வாங்கும் பலருக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஆனால் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை.

டாடா ஏஸ் அளவுள்ள வண்டியில் டிரெய்லர் மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வண்டி எதுவானாலும் இணைப்புக் குண்டைச் சேஸிஸில்தான் பொருத்த வேண்டும், பம்பரில் வெல்டிங் வைப்பது விளையாட்டு. குண்டின் அளவும், அதைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லர் கப்ளிங்கின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்: 50 மில்லிமீட்டர் என்றும் இரண்டு அங்குலம் என்றும் இரண்டு வகை புழங்குகின்றன, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கப்ளிங் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் தாங்கும்.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், எனவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் அடித்து அப்படியே சாலையில் இறக்க முடியாது. பதிவு, இன்சூரன்ஸ், உங்கள் ஓட்டுநர் உரிமம் டிரெய்லருக்குச் செல்லுமா என்பது மூன்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மோட்டார் படகுக்கு 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது, அணை நீரில் இறக்க அனுமதி தனி. இதெல்லாம் முடிந்து, படகும் டிரெய்லரும் கைக்கு வந்து, வாடகை வண்டியில் எடைமேடைக்குக் கொண்டுபோய் எடைச் சீட்டு வாங்கிய பிறகு பிக்கப் ஷோரூமுக்குப் போங்கள். சீட்டைக் காட்டியே பேசலாம்.